தட்டும் உண்டியலும்

மார்ச் 4

அண்ணி,

கம்ப்யூட்டர் பெட்டி வந்து சேர்ந்துச்சு. ஒரு கீறல்கூட இல்லாம வந்துச்சு, பேக்கிங்ல உங்களை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா நான் கேட்டது இது இல்ல.

உண்டியல் டிரைவ் போட்டு அனுப்புங்கன்னு சொன்னேன். டிஸ்க்கை வாயில வச்சா தானே உள்ள இழுத்துக்கிட்டு, வேலை முடிஞ்சதும் தானே வெளிய தள்ளுமே, அது. போன்ல ரெண்டு தடவை சொன்னேன். நீங்க தட்டு டிரைவைப் போட்டு அனுப்பியிருக்கீங்க. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த ஆள் எந்த வருஷம் உங்க கடையில எந்த மவுஸ் வாங்கினாருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றவங்க நீங்க.

போன் பண்ணாம ஏன் எழுதுறேன்னு யோசிப்பீங்க. போன்ல நான் ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள நீங்க மூணு வாக்கியம் பேசி, அதுக்குப் பதிலும் என் சார்புல நீங்களே சொல்லிடுறீங்க. லெட்டர்ல குறுக்க பேச முடியாது. அதனால இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் எழுத்துலதான். கூப்பிட்டா எடுக்க மாட்டேன்.

தட்டு ஏன் ஆகாதுன்னு சொல்றேன், பொறுமையாப் படிங்க. இது சின்னப் பெட்டி, அதனால டிரைவும் மெல்லிசு. பட்டனை அமுக்கினா தட்டு கொஞ்சமாத் துள்ளி வந்து நின்னுக்குது. மீதியை நான்தான் இழுக்கணும். இழுத்தா தட்டோட சேர்ந்து பெட்டியும் மேசை ஓரத்துக்கு வருது. டிஸ்க்கை நடுக் குமிழ்ல வச்சு டக்குனு அமுக்கணும். அமுக்கும்போது அடியில இன்னொரு கை தாங்கணும், இல்லன்னா தட்டு வளையுது. இன்னொரு கைக்கு நான் எங்க போக? இந்த வலது கை அந்த பைக் விபத்துக்கப்புறம் தோள்ல இருந்து தொங்குதே தவிர ஒரு காகிதத்தைக்கூடப் பிடிக்காதுன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?

நேத்து பழைய பாட்டு டிஸ்க் ஒன்னை வச்சுப் பழகிப் பார்த்தேன். எடுக்கும்போது துள்ளி விழுந்து அடுப்பு மேடைக்கு அடியில ஓடிடுச்சு. எடுத்துப் பார்த்தா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கீறல். அது பாட்டு, போனா போகுது. கோர்ட்டு டிஸ்க் அப்படி இல்ல. ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரே ஒரு டிஸ்க், வேற பிரதி கிடையாது. அதுல பேசுறதைக் கேட்டு டைப் அடிச்சுக் கொடுக்கிறதுதான் நான் கேட்டிருக்கிற வேலை. ஒன்னைக் கீறினாலும் அன்னிக்கே வேலையை விட்டு எடுத்துடுவாங்க.

டைப்பிங் பரீட்சையில பாஸ் பண்ணிட்டேன் அண்ணி. ஒத்தக் கைல. ரெண்டு கையோட வந்த ரெண்டு பேர் எனக்கப்புறம்தான் எழுந்தாங்க. இனி ஒன்னே ஒன்னுதான் பாக்கி. மாசக் கடைசில வேலை கொடுக்கிற ஆபீஸோட மேற்பார்வையாளர் அம்மா இங்க வந்து, வீட்ல நான் டிஸ்க்கை எப்படிக் கையாள்றேன்னு நேர்ல பார்ப்பாங்க. தேறினா வேலை என்னுது. தேறலைன்னா இந்த ரூமைக் காலி பண்ணிட்டு உங்க வீட்டுக்கே திரும்பி வரணும்.

வர மாட்டேன். அதனால உண்டியலை அனுப்புங்க.

வண்டு


மார்ச் 9

வண்டு,

நான் கல்யாணமாகி வந்த புதுசுல காதோரமா ஙொய்னு பேசிக்கிட்டே இருப்பியேன்னுதான் வண்டுன்னு பேர் வச்சேன். இப்போ எழுத்துலயும் ஙொய்ங்குற. போன் எடுக்க மாட்டியாமே? நல்லா இருக்கு நியாயம். உங்கண்ணன் பாவம், உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டு பேப்பருக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டாரு. அந்த மனுஷனுக்கு நாம ரெண்டு பேரும் பேசினாலும் பயம், பேசலைன்னாலும் பயம்.

நான் மறக்கலை. தெரிஞ்சுதான் தட்டு போட்டேன். ஏன்னு நீ கேக்கலை, நானே சொல்றேன்.

தட்டோட முகத்துல ஒரு ஊசி ஓட்டை இருக்கு, பார்த்திருப்ப. கரன்ட் போனாலும் சரி, தட்டு முரண்டு பண்ணினாலும் சரி, ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ள குத்தினா தட்டு வெளிய வந்துடும். உண்டியலுக்கு அந்த ஓட்டை கிடையாது. மாட்டினா மாட்டினதுதான். அதுக்கு உண்டியல்னு பேர் வச்சதே நான்தானே, உள்ள போனதை எடுக்கணும்னா உடைக்கணும்னு! சின்ன சைஸ் டிஸ்க்கைப் போட்டா அப்படியே முழுங்கிடும். ஸ்டிக்கர் ஒட்டின டிஸ்க்கைப் போட்டா ஸ்டிக்கர் ஓரம் பிரிஞ்சு உள்ள இருக்கிற உருளையில சுத்திக்கும். போன மாசம் ஒருத்தர் அழாத குறையாக் கொண்டு வந்தாரு. கழட்டிப் பார்த்தா உள்ள சில்லறைக் காசு. அவர் குழந்தை நிஜ உண்டியல்னே நெனச்சுப் போட்டிருக்கு.

நீ தனியா இருக்கற. மாடி ரூம். கீழே தையல் கடை, அவங்களும் சாயங்காலமானா பூட்டிக்கிட்டுப் போயிடுறாங்க. உள்ள கோர்ட்டு டிஸ்க் மாட்டிக்கிச்சுன்னா யார் திறப்பா? நான் அங்க இருக்கேனா? அதைச் சொல்லு முதல்ல.

அப்புறம் நீ சொல்ற அளவுக்குத் தட்டு ஒன்னும் பெரிய மலை இல்ல. சும்மா வாய்ப்பேச்சு பேசுறேன்னு நெனைக்காத. கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, உங்கண்ணனை விட்டு என் துப்பட்டாவாலயே ஒரு கையை முதுகுப் பக்கம் கட்டச் சொன்னேன். உனக்கு அனுப்பின அதே மாதிரி டிரைவ். முதல்ல கொஞ்சம் தடுமாறினேன். அப்புறம் டக்கு டக்குனு போட்டேன், எடுத்தேன். ஒரு டிஸ்க்கும் கீழ விழலை. பழகினா வரும்டீ. நீ பழகுறதை விட்டுட்டுச் சாக்கு சொல்ற.

உண்டியல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்காத. இல்லையா, பேசாம கிளம்பி வா. உனக்கு இங்க என்ன குறைச்சல்?

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

எனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கைதான் ஒன்னு.

எந்தக் கையைக் கட்டினீங்க?

வண்டு


மார்ச் 16

வண்டு,

இடது கையை. போதுமா? சந்தோஷமா?

கடையில நின்னுக்கிட்டே உன் லெட்டரைப் பிரிச்சேன். இத்துனூண்டு லெட்டரா இருக்கே, கோவத்துல எழுதிட்டா போலன்னு நெனச்சேன். படிச்சு முடிச்சதும் ச்சீன்னு ஆயிடுச்சு. வேலை தெரிஞ்ச கையை வெளிய விட்டுட்டு, வேலை தெரியாத கையைக் கட்டிப் போட்டுட்டு உனக்குப் பாடம் எடுத்திருக்கேன். உங்கண்ணன் கட்டும்போதே, "எந்தக் கை?"ன்னு கேட்டாரு. "ஏதோ ஒன்னு, சீக்கிரம் கட்டுங்க"ன்னு நான்தான் இடதை நீட்டினேன்.

வீம்பு எனக்கும் இருக்கே. மறுநாள் வலது கையைக் கட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு இல்ல, கடை திறந்ததுல இருந்து மூடுற வரைக்கும். சொல்றேன் கேட்டுக்கோ, சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சுக்கோ. தட்டோட வலது ஓரம் அகலம், இடது ஓரத்தைச் சும்மா பேருக்கு வெட்டி விட்டிருக்கான். வலது கைன்னா விரல் நாலும் அடியில தாங்கும், கட்டைவிரல் குமிழை அமுக்கும். இடது கைக்குப் பிடிக்க இடமே இல்ல. இத்தனை வருஷம் இதைக் கழட்டி மாட்டியிருக்கேன், இந்தக் கண்ணுக்கு அது தெரியவே இல்ல. முதல் டிஸ்க் பறந்து கல்லாப்பெட்டி மேல விழுந்துச்சு. அப்புறம் கோவத்துல ஒரு அமுக்கு அமுக்கினேன் பாரு, தட்டே முறிஞ்சு போச்சு. ஹெட்போன் வாங்க வந்தவன் வாய் விட்டுச் சிரிச்சான். அவனுக்குத் தள்ளுபடி கிடையாதுன்னுட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தாத் தேவலை. ஷட்டர் தூக்க முடியலை. பில் எழுத முடியலை. மதியம் தலைமுடி அவுந்துடுச்சு, ஒத்தக் கைல ரப்பர் பேண்டு போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், நிக்கவே மாட்டேங்குது. உங்கண்ணன் பார்த்துட்டு, "இரு, நான் போட்டு விடுறேன்"னு வந்தாரு. "தொடாதீங்க!"ன்னு கத்திட்டேன். கடையே திரும்பிப் பார்த்துச்சு. அடிபட்டப்புறம் நீ எங்க வீட்ல இருந்த ரெண்டு வருஷமும் என்கிட்ட இதே மாதிரி எத்தனை தடவை கத்தியிருப்ப? நன்றி கெட்டவன்னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன் வண்டு. அது எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது.

இன்னொன்னும் சொல்லிடுறேன், மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியலை. உண்டியல் டிரைவ் கடையிலயேதான் இருந்துச்சு. உனக்காகத்தான் வரவழைச்சேன். பெட்டியில மாட்டிக்கூட வச்சேன். அப்புறம் கழட்டிட்டுத் தட்டை மாட்டினேன். தட்டுல முடியாம நீயே வெறுத்துப் போய்த் திரும்பி வந்துடுவன்னு ஒரு நப்பாசை.

இதுக்காக நான் உண்டியலை அனுப்பிடுவேன்னு கணக்குப் போடாத. அது மாட்டிக்கும், உன்னால திறக்க முடியாதுங்கிறது மாறலை. பெரிய பெட்டி ஒன்னு தர்றேன். அதுல மோட்டார் வச்ச தட்டு, முழுசா தானே வெளிய வரும், மேல வச்சா போதும், எதையும் அமுக்க வேண்டியதில்ல. ஊசி ஓட்டையும் உண்டு. சரின்னு ஒரு வார்த்தை எழுது.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

சிரிக்கலை. முடி கதை வரைக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் படிச்சதுல எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

மாட்டின டிரைவைக் கழட்டியிருக்கீங்க! என் வேலை போகணும்னு ஆசைப்பட்டிருக்கீங்க. வேற யாராவது பண்ணியிருந்தா இவங்க சகவாசமே வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். நீங்க பண்ணினதுனால உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன்.

நான் கிளம்பின அன்னிக்கு வாசல்ல நின்னு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? "ஒத்தக் கையை வச்சுக்கிட்டுத் தனியாப் போய் என்னத்தைக் கிழிக்கப் போற?" அண்ணன் உடனே, "அவ சும்மா பேச்சுக்குச் சொல்றா"ன்னாரு. எல்லாரும் எல்லாரையும் சொல்றதுதான், எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு ஆட்டோவுல உக்காந்து என் இடது கையையே பார்த்துக்கிட்டு வந்தேன். இந்தக் கை பொறந்ததுல இருந்து எந்த வேலையும் பார்த்ததில்லை. முப்பது வயசுக்கு மேல எழுத்துப் பழகி, பூட்டு திறக்கப் பழகி, ஜடை போடாம முடியை வெட்டிக்கப் பழகி, இப்போ இந்த லெட்டரை எழுதுது. அதைப் போய் என்னத்தைக் கிழிப்பன்னு கேட்டீங்க.

நீங்க என்னைக் கொடுமைப்படுத்தினீங்கன்னு நான் எங்கயும் சொன்னதில்லை. சொன்னா வாய் அழுகிப் போகும். ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயே கிடந்தது நீங்கதான். ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் நான் கையை நீட்டுறதுக்குள்ள நீங்க எடுத்துக் கொடுத்துடுவீங்க. தண்ணி, சீப்பு, டி.வி. ரிமோட்டு, எல்லாம். பாசம்தான், இல்லைங்கலை. அந்தப் பாசத்துல இந்தக் கைக்கு ஒரு வேலையும் மிஞ்சலை அண்ணி. அதான் கிளம்பினேன்.

பெரிய பெட்டி வேண்டாம். என் மேசை சுவருக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவுல ஒரு பலகை அகலம். கீபோர்டு, பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேக்கக் கால்ல அமுக்குற பெடலோட வயரு, அவ்வளவுக்குத்தான் இடம். அப்படியே வச்சாலும் பின்னாடி ஒரு வயரு கழண்டா அந்தப் பெட்டியைத் தூக்க ரெண்டு கை வேணும். சின்னப் பெட்டியை நான் அக்குள்ல இடுக்கிக்கிட்டே நடப்பேன்.

ஸ்டிக்கர் விஷயம் ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன். டிஸ்க் மேல பேனாவாலதான் நம்பர் போடுறாங்களாம். சின்ன சைஸ் டிஸ்க் அவங்க வாங்குறதே இல்லையாம். மாட்டினா யார் திறப்பான்னு கேட்டீங்க. நான் திறப்பேன். விபத்துக்கு முன்னாடி உங்க கடை கல்லாவுல நாலு வருஷம் சும்மாவா உக்காந்திருந்தேன்? நீங்க கழட்டுறதை எல்லாம் எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

தட்டு போட்ட பெட்டியை நாளைக்கே திருப்பி அனுப்புறேன். உண்டியலை மாட்டி அனுப்பினா அனுப்புங்க. இல்லன்னா இங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை பார்த்து வச்சிருக்கேன். அவன் உங்க அளவுக்கு வேலைக்காரன் இல்ல, ஆனா கேட்டதைக் கொடுக்கிறான்.

வண்டு


மார்ச் 25

வண்டு,

பஸ் ஸ்டாண்டு கடைக்காரன்கிட்ட வாங்குறாளாம்! என் நாத்தனார், வேற ஒருத்தன் அசெம்பிள் பண்ணின பெட்டியில! நான் உயிரோட இருக்கேன்ல?

அனுப்பிட்டேன். உண்டியல்தான். பெட்டிக்கு அடியில ரப்பர் கால் ஒட்டியிருக்கேன், மேசையில வழுக்காது. டிஸ்க்கைப் பாதி வரைக்கும் தள்ளு, மீதியை அதுவே இழுத்துக்கும். இழுக்கும்போது நீயும் சேர்ந்து தள்ளாத. முரண்டு பண்ணினா ஒரு தடவை அணைச்சுப் போடு, பாதி நேரம் அதுலயே துப்பிடும். ஸ்டிக்கர் மட்டும் ஆகாது. அந்த அம்மா இல்ல, அந்த நீதிபதியே வந்து கொடுத்தாலும் போடாத.

கிழிக்கிற விஷயத்துக்கு என்ன எழுதுறதுன்னு தெரியலை. எழுதி எழுதி அடிச்சுட்டேன். எங்க வீட்ல எல்லாரையும் அப்படித்தான் பேசுவோம், நானும் பேசிட்டேன், அது உன்னைக் குத்தும்னு யோசிக்கலை. குத்தினது குத்தினதுதான்.

எனக்கு இன்னமும் இதுல சம்மதம் இல்லைன்னு தெரிஞ்சுக்கோ. பயந்துக்கிட்டேதான் அனுப்பியிருக்கேன்.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

பெட்டி வந்துச்சு. டிஸ்க்கை வச்சேன், சுர்ருனு இழுத்துக்கிச்சு. பட்டனை அமுக்கினேன், நாக்கை நீட்டுற மாதிரி வெளிய நீட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் போடுறதும் எடுக்கிறதுமா விளையாடிக்கிட்டே இருந்தேன். ஒன்னுகூடக் கீழ விழலை.

ஆனா ஒரு விஷயம். தூசி துடைக்கலாம்னு பெட்டியைத் திருப்பினேன். மூடித் திருகாணி லூசா இருந்துச்சு. கழட்டிப் பார்த்தா உள்ள டிரைவுக்கு அடியில இருக்கிற குட்டித் திருகாணி அத்தனையும் லூசு. விரல் நுனியால திருப்பினாலே வருது. திருகாணியை முறுக்காம உங்க கடையில இருந்து ஒரு பெட்டி வெளிய போனதா சரித்திரம் உண்டா? நாளைக்கு மாட்டிக்கிட்டா இவ எப்படித் திறப்பான்னு எனக்காக முன்கூட்டியே பாதி கழட்டி வச்சிருக்கீங்க.

இதைத்தான் நான் சொல்றேன். நான் கையை நீட்டலை, அதுக்குள்ள எடுத்துக் கொடுத்துட்டீங்க.

எல்லாத்தையும் முறுக்கிட்டேன். ஒவ்வொன்னையும், இதுக்கு மேல திரும்பாதுங்கிற வரைக்கும். நாளைக்கு அந்த அம்மா வர்றாங்க.

வண்டு


ஏப்ரல் 1

அண்ணி,

என்னைத் திட்டுறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

மேற்பார்வையாளர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. சிரிக்கிற முகம் இல்ல, ஆனா கெட்டவங்க இல்ல. இருக்கிற ஒரே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, கைப்பையை மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கா எடுத்துக் கொடுத்தாங்க. முதல் டிஸ்க் போட்டேன், கேட்டேன், கொஞ்சம் அடிச்சேன், எடுத்தேன். ரெண்டாவதும் அப்படியே. மூணாவது டிஸ்க்கைக் கையில வாங்கினா, மேல வெள்ளையா வட்ட ஸ்டிக்கர். பழைய கேஸாம். அப்பல்லாம் ஸ்டிக்கர்தான் ஒட்டுவாங்களாம்.

பார்த்தேன் அண்ணி. ஸ்டிக்கர்னு தெரிஞ்சுது. நீங்க எழுதினது வரிக்கு வரி ஞாபகம் வந்துச்சு. ஆனா "இது என்னால முடியாது"ன்னு அந்த அம்மா முன்னாடி சொல்ல எனக்கு வாய் வரலை. இத்தனை நாள் முடியும் முடியும்னு உங்ககிட்ட மல்லுக்கட்டிட்டு, முதல் வார்த்தையா முடியாதுங்கிறதா? போட்டுட்டேன்.

உள்ள போச்சு. கரகரன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒன்னுமே இல்ல. பட்டனை அமுக்கினேன், வரலை. அணைச்சுப் போட்டேன், வரலை. அந்த அம்மா எழுந்து நின்னுட்டாங்க. "அந்தக் கேஸுக்கு வேற பிரதி கிடையாது"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க.

வயரைப் பிடுங்கிட்டு, பெட்டியை எடுத்துக்கிட்டுத் தரையில உக்காந்தேன். கவுத்து ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு ஸ்க்ரூடிரைவரை வச்சா, திருகாணி அசையவே மாட்டேங்குது. முறுக்கினது யாரு? நான்தான்! அந்த நேரத்துல என்னைத் திட்டினேன், அப்புறம் உங்களைத் திட்டினேன், ரெண்டு பேருக்கும் குறை வைக்கலை. "நான் பிடிச்சுக்கட்டுமா?"ன்னு அந்த அம்மா குனிஞ்சாங்க. "வேண்டாம், உக்காருங்க"ன்னேன். அதிகாரமாத்தான் சொன்னேன் போல, உடனே உக்காந்துட்டாங்க.

மூடித் திருகாணி வந்துச்சு. டிரைவை வெளிய எடுத்தேன். குட்டித் திருகாணிதான் உயிரை எடுத்துச்சு. ஒவ்வொன்னுக்கும் ஸ்க்ரூடிரைவரை நெஞ்சால அமுக்கிக்கிட்டு விரலால திருப்பினேன். வேர்வை கண்ணுல இறங்குது, துடைக்கணும்னா வேலையை விடணும், விடலை. கடைசித் திருகாணி மட்டும் தலை தேய்ஞ்சுடுச்சு. நீங்க அந்த மாதிரி ஆகும்போது ரப்பர் துண்டை நடுவுல வச்சுத் திருப்புவீங்களே? மேசையில கிடந்த ரப்பர் பேண்டைப் பல்லால கடிச்சுத் துண்டாக்கி வச்சுத் திருப்பினேன். வந்துடுச்சு.

உள்ள ஸ்டிக்கர் ஓரம் பிரிஞ்சு உருளையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நகத்தால விலக்கி, டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்துல பார்த்தேன். கீறல் இல்ல. அந்த அம்மாவும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஸ்டிக்கரை மிச்சமில்லாம உரிச்சுட்டு, டிரைவை மூடி, பெட்டியை மூடி, மறுபடியும் போட்டேன். யாரோ ஒரு வக்கீல் கத்துறாரு, நீதிபதி இருமுறாரு. அந்த இருமலைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

"சரி, எடுத்துட்டீங்க. அடுத்த தடவை இதே மாதிரி ஆனா?"ன்னு கேட்டாங்க.

"ஆகாது"ன்னேன். "ஸ்டிக்கர் ஒட்டின டிஸ்க்கை இனிமே நான் வாங்க மாட்டேன். உரிச்சுட்டு அனுப்புங்க. இன்னிக்கே முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

"நாங்க உங்களுக்கு வேலை கொடுக்கிறோமா, இல்ல நீங்க எங்களுக்கு வேலை கொடுக்கிறீங்களா?"ன்னாங்க.

"ரெண்டும்தான்"ன்னேன். வேலை போச்சுடான்னே நெனச்சேன். அவங்க எழுந்தாங்க. கைப்பையை மாட்டிக்கிட்டு, வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டே, "திங்கட்கிழமை ஆபீஸ்ல இருந்து டிஸ்க்கோட ஆள் வரும். ஸ்டிக்கர் இருந்தா வாங்காதீங்க, திருப்பி அனுப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

வேலை கிடைச்சுடுச்சு அண்ணி. கதவைச் சாத்திக்கிட்டுக் குதிச்சேன். கீழே தையல் கடைக்காரம்மா மேல வந்து, என்ன சத்தம்னு கேட்டாங்க. அவங்ககிட்ட சொன்னேன். அடுத்து உங்ககிட்டதான் சொல்றேன்.

உங்களைக் கேக்காம இனி நான் ஸ்டிக்கர் டிஸ்க் போட மாட்டேன்னு சொல்ல வரலை. உங்களைக் கேட்டாலும் போட மாட்டேன். அது நானே எடுத்த முடிவு.

வண்டு


ஏப்ரல் 6

வண்டு,

பாவி மகளே! ஸ்டிக்கர்னு தெரிஞ்சே போட்டியா? அதைப் படிக்கும்போது எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. மேற்கொண்டு படிச்சுச் சொல்லுங்கன்னு லெட்டரை உங்கண்ணன்கிட்டத் தள்ளிட்டேன். அவர் சத்தமாப் படிச்சாரு. ரப்பர் பேண்டு வந்த இடத்துல லெட்டரைக் கீழ வச்சுட்டாரு, நான் எடுத்து மீதியைப் படிச்சேன்.

நான் லூசா விட்டது தப்புதான். நீ திறப்பன்னு எனக்கு நம்பிக்கை இருந்திருந்தா முறுக்கித்தான் அனுப்பியிருப்பேன். கோவிச்சுக்கோ, தாங்கிக்கிறேன். ஆனா அந்த அம்மாகிட்ட "ரெண்டும்தான்"னு சொன்ன பாரு, அதைக் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். என் நாத்தனார் கோர்ட்டுக்கே கண்டிஷன் போட்டான்னு.

ஒரு விஷயத்தை உன்கிட்ட மறைச்சிருந்தேன். நீ போன நாள்ல இருந்து உன் ரூம்ல ஒரு சாமானைக்கூட நகர்த்தலை. வாரா வாரம் பெட்ஷீட்டை மாத்துவேன். யாரும் படுக்காத கட்டிலுக்கு எதுக்கும்மான்னு உங்கண்ணன் கேப்பாரு. எப்படியும் வருவா, வந்தா படுக்க வேணாமான்னு சொல்லுவேன். நீ அங்க ஜெயிக்கணும்னு ஒரு பக்கம், தோத்துட்டு வரணும்னு ஒரு பக்கம். இப்படியும் ஒருத்தி இருப்பாளான்னு நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

நேத்து அந்த ரூமைக் காலி பண்ணிட்டேன். கட்டிலைக் கழட்டி வித்தாச்சு. உன் துணிமணியை எல்லாம் பெட்டியில கட்டி வச்சிருக்கேன், அனுப்புறேன். உங்கண்ணன் வாசல்ல நின்னுக்கிட்டு, "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே"ன்னாரு. "என்னத்தைப் பொறுக்கிறது? அவளுக்கு வேலை இருக்கு, அவளுக்கு வீடு இருக்கு"ன்னு சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு. நல்லா அழுதேன். அப்புறம் ரூமைக் கூட்டி, ரிப்பேர் மேசையைக் கொண்டு போய் ஜன்னலோரமாப் போட்டேன்.

அதனால இனி இங்க உனக்குன்னு ரூம் கிடையாது வண்டு. நீ வந்தா விருந்தாளி.

உன் வீட்டை நாங்க இன்னும் பார்க்கலை. எப்ப வரலாம்னு நீ எழுது. வரச் சொன்னா வர்றோம்.

அண்ணி